ஒன்பது பேர் சொன்ன பெயர்

ரோச்சுக்கு இனாமாக எது வந்தாலும் பயம். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது வடை விழுந்தால்கூட, வைத்தவன் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தொடுவான். அப்படிப்பட்டவனுடைய தெருவுக்கு மாதம் தவறாமல் ஒரு டீச்சர் வந்து, வாலிபப் பிள்ளைகளை உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, வீட்டுக் கதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனால் அவனுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

டீச்சர் பெயர் ஜெபகனி. நாசரேத்துக்காரி. காலேஜில் வேலை, மில்லர்புரத்தில் வாடகை அறை. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பதினைந்து வயதுக்கும் இருபதுக்கும் நடுவே பிள்ளைகள் ஆளாகிற காலத்தில் யார் வழுக்கி விழுகிறார்கள், யார் அடி வாங்கியும் எழுந்து நிற்கிறார்கள், ஏன் என்பதுதான் விஷயம். அப்பன் இல்லாத வீடு, அப்பன் இருந்தும் சாராயக் கடையில் குடியிருக்கிற வீடு, படிப்பு பாதியில் நின்ற பிள்ளை என்று பார்த்துப் பார்த்து, தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் பதினொரு பேரைப் பொறுக்கி வைத்திருந்தாள். எழுபத்து நான்கில் ஆரம்பித்து இரண்டு வருஷமாக அதே பதினொரு பேர், அதே கேள்விகள்.

முதலில் தெரு முழுக்கத்தான் சந்தேகப்பட்டது. கர்ப்பத்தடை ஆபரேஷனுக்கு ஆள் கணக்கெடுக்கிறாள் என்றார்கள். கத்தோலிக்கத் தெருவில் வேதத்தை மாற்ற வந்த சிஎஸ்ஐ சபைக்காரி என்றார்கள். பிறகு அவள் பாட்டுக்கு வருவதையும் போவதையும் பார்த்துப் பழகி, மீன் குழம்பு கொடுத்தனுப்பும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ரோச் மட்டும் இறங்கி வரவில்லை.

"நாசரேத்துல பிள்ளைகளே இல்லையாக்கும்? அங்க ஒருத்தனும் வழுக்கி விழலையாக்கும்? பஸ் ஏறி இங்கன வந்து கேக்குதாவளே, என்னத்துக்கு?" என்பான்.

அவன் தங்கச்சி ஆக்னஸும் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. பதினேழு வயது. "ஒனக்குக் குளிச்சிட்டு வந்தாலும் தண்ணி மேல சந்தேகம்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள்.

சும்மா சொல்லக்கூடாது, ரோச்சுக்கும் காரணம் இருந்தது. பதினாறு வயதில், அப்பன் செத்த வருஷம், குலசேகரப்பட்டினம் பக்கத்துக் கரையில் கிராம்பு மூட்டை இறக்கப் போனான். சிலோனிலிருந்து களவாக வந்த சரக்கு. ஒரே ஒரு நாள்தான் போனான். மறுநாள் சுங்கத்துறை ஆள் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய், பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, "படிச்ச பையன் மாதிரி இருக்கியே தம்பி" என்று பேச்சை ஆரம்பித்தார். மூன்று நாள் வைத்திருந்தார்கள். பங்குச் சாமியார் போய்ப் பேசி வெளியே எடுத்தார். யாரோ அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், அதை யாரோ ஒரு தாளில் எழுதியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று அவனுக்குக் கடைசிவரைக்கும் தெரியவில்லை. தெரியாததால் தெருவில் எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் சந்தேகத்தைப் பங்கு வைத்துக் கொடுத்திருந்தான்.

இப்போது வயது இருபத்திரண்டு. சங்கு குளிக்கப் போனவன்தான். பதினெட்டில் காதுச் சவ்வு கிழிந்து, இனி முங்கினால் செவிடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வள்ளத்தில் நின்று கயிறு பிடிக்கிற வேலை. டீச்சரின் பதினொரு பேரில் ஒருத்தனான வில்பிரட், கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து முங்குவான். கீழே மூச்சுப் பிடித்துச் சங்கு பொறுக்கி, கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே நிற்கிறவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். முங்குகிறவன் உயிர் இவன் கையில். ஆனால் பங்கு என்னவோ பாதிதான், அதுவும் சீசன் இருக்கிற வரைக்கும்தான்.

இந்த நேரத்தில்தான் துறைமுகத்தில் லஸ்கர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கப்பல் வந்தால் வடம் பிடித்துக் கட்டுகிற வேலை. கயிற்றோடேயே கிடந்தவனுக்கு அது வேலையா, விளையாட்டா? தேர்வில் முதல் ஆளாக வந்தான். மாதச் சம்பளம், பென்ஷன், ஆக்னஸுக்கு மேல்படிப்பு என்று மனதுக்குள் வீடே கட்டிவிட்டான். பாக்கி ஒன்றே ஒன்றுதான். போலீஸ் விசாரித்து, ஆள் யோக்கியன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது எழுபத்தாறு பிப்ரவரி. நெருக்கடி நிலை வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கள்ளக்கடத்தல் என்று பெயர் அடிபட்டாலே தூக்கி உள்ளே வைக்கிற காலம். அந்தக் கிராம்பு மூட்டை விஷயம் எங்காவது ஒரு தாளில் கிடக்குமோ என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தான்.

திங்கட்கிழமை ஏட்டு வன்னியபெருமாள் சைக்கிளில் வந்து தெருவில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். அதே திங்கட்கிழமை டீச்சரும் வந்தாள். ரோச் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். அவனுக்கு அதெல்லாம் நிமிஷ வேலை.

ஆக்னஸைக் கூப்பிடுகிற சாக்கில், டீச்சர் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்கிற தெரு வாசகசாலைக்குப் போனான். டீச்சர் பக்கத்து வீட்டில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். ஆக்னஸ் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். மேஜையில் காகிதக்கட்டு, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல். ரோச் கல்லைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். கேள்வியெல்லாம் இங்கிலீஷில் அடித்திருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது எட்டவில்லை. பதில்கள் தமிழில், டீச்சர் கையெழுத்தில் இருந்தன.

பதினாலாவது கேள்விக்கு எதிரே 'ரோச்' என்று எழுதியிருந்தது. அது வில்பிரட்டின் தாள். பெயரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். அடுத்த தாளைப் புரட்டினான். பதினாலு, ரோச், சிவப்பு வட்டம். அடுத்தது, அதற்கடுத்தது. ஆக்னஸின் தாளில் 'எங்க அண்ணன் ரோச்' என்றே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனிச்சீட்டில் 'ரோச் - 9' என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி.

கல்லை இருந்தபடியே திரும்ப வைத்தான். பதினொரு பேரில் ஒன்பது பேர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவளும் சொல்லியிருக்கிறாள். என்ன கேள்விக்குச் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை ஆக்னஸிடம் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சந்தேகக்காரன் கேட்க மாட்டான். கேட்டால் உஷாராகி விடுவார்களே!

மறுநாள் காலை கடலில், எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் வள்ளம் நின்றது. வில்பிரட் கல்லில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது, சிரித்த முகம்.

"ஏலே, டீச்சர் ஒங்கிட்ட என்னத்தக் கேட்டாவ?" என்றான் ரோச், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"என்னென்னமோ கேட்டாவ அண்ணே. சொன்னேன்."

"எம்பேரச் சொன்னியோ?"

வில்பிரட்டுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னேன்... அதப் போயி இப்பக் கேக்கிய" என்று இளித்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு உள்ளே போனான்.

அந்தக் கடற்கரையில் ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையைப் பார்த்து, நீதான் எனக்கு எல்லாம் என்று சொல்ல மாட்டான். உயிரைக் கொடுப்பான், அந்த வார்த்தையைக் கொடுக்க மாட்டான். சொல்ல நேர்ந்தால் இப்படித்தான் வெட்கப்பட்டுக் கழன்றுகொள்வான். ரோச்சும் அதே மண்ணில் பிறந்தவன்தான், அவனுக்குத் தெரியாதா? ஆனால் அவன் கண்ணுக்கு அது காட்டிக்கொடுத்தவன் இளிப்பாகத்தான் தெரிந்தது. பன்னு வாங்கிக் கொடுத்த ஆளிடம் தன் பெயரைச் சொன்னவனும் இப்படித்தான் இளித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கயிறு சுண்டியது. மனதில் அத்தனை ஆத்திரம், ஆனாலும் கை அது பாட்டுக்கு இழுத்தது.

அன்று மத்தியானமே காரியத்தை முடித்துவிட்டான். காகிதக்கட்டை டீச்சர் வாசகசாலை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் போவது வழக்கம். சாவி வில்பிரட் பொறுப்பு, அவன் வீட்டு ஆணியில் தொங்கும். அந்த வீட்டுக்குள் ரோச் போவதை யார் கேட்கப் போகிறார்கள்? சாவியை எடுத்தான், கட்டை எடுத்தான், சாவியைத் திரும்ப மாட்டினான். கரையில் வள்ளத்துக்குத் தார் காய்ச்சுகிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாகப் போட்டான். பதினொரு பிள்ளைகளின் இரண்டு வருஷம் கால் மணி நேரத்தில் சாம்பலானது. முதல் தடவையாக அன்றைக்குத்தான் அவனுக்குச் சோறு ருசித்தது.

புதன்கிழமை காலை வில்பிரட் வள்ளத்துக்கு வரவில்லை. ஏட்டு வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்து, வாசகசாலைச் செயலாளர் சிலுவை அண்ணாச்சி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிட்டாராம். அரசாங்கம் மானியம் தருகிற வாசகசாலை, பூட்டைத் திறந்து களவு போனால் தன் தலைதான் உருளும் என்று அவருக்குப் பயம். சாவி வைத்திருந்தவனை விசாரிக்கிறார்கள்.

ரோச் கரையில் வள்ளத்து நிழலில் உட்கார்ந்தான். முடிந்தது என்று நினைத்தான். சாவி தொங்குகிற வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறவன் ரோச் ஒருத்தன்தான். வில்பிரட்டுக்கு அது தெரியாதா? டீச்சர் பிஸ்கட்டுக்கே பெயரைச் சொன்னவன், ஏட்டு ஓங்கி ஒரு அறை விட்டால் சொல்ல மாட்டானா? இப்போது சொல்லியிருப்பான், இந்நேரம் சைக்கிளை எடுத்திருப்பார், இதோ வருகிறார் என்று தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஏட்டு வரவில்லை.

வந்தது டீச்சர். மணலில் செருப்புப் புதையப் புதைய நேரே அவனிடம் வந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. ரோச் எழுந்து நின்றான். என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி வேணும்" என்றாள் ஜெபகனி.

அவன் வாயில் தயாராக இருந்த 'தெரியாது' அப்படியே நின்றுவிட்டது.

"என் பேப்பரையெல்லாம் யாரோ எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷ வேலை. அதைவிடக் கொடுமை, வில்பிரட்டப் பிடிச்சு வச்சிருக்காங்க. அவன் எடுக்கலன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். புகார் வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன், ஏட்டு கேக்க மாட்டேங்காரு. யாரு வீட்டுக்கு வந்து போனான்னு கேட்டு அடிக்காரு. அவன் வாயே தொறக்கல. யாருன்னு அவனுக்குத் தெரியும் போலத்தான் இருக்கு, சொல்ல மாட்டேங்கான்."

ரோச் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு எங்கிட்ட எதுக்கு வந்திய?"

"வேற யார்கிட்ட வருவேன்? ஒரு கஷ்டம்னா முதல்ல யார்கிட்டப் போவேன்னு நான் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேட்டேன், அது பதினாலாவது கேள்வி. பதினோரு பேர்ல ஒன்பது பேர் உங்க பேரச் சொல்லுச்சுங்க. அம்மா இல்ல, சாமியார் இல்ல, வாத்தியார் இல்ல. ரோச்சண்ணன்!" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதிமூணு வயசுல வீட்ட விட்டு ஓடிப்போன வில்பிரட்ட மணியாச்சி ஸ்டேஷன்ல போய்ப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது நீங்களாமே? மூணு பேரத் திரும்பப் பள்ளிக்கூடத்துல சேத்தீங்களாம். குடிச்சிட்டு அடிக்க வந்த ஒரு அப்பனை ராத்திரி பூரா வாசல்லயே மறிச்சு உக்காந்திருந்தீங்களாம். இந்தப் பிள்ளைங்க எதப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு ரெண்டு வருஷமாத் தேடிட்டு இருந்தேன். உங்களோட உக்காந்து பேசணும்னு நான் வரும்போதெல்லாம் நீங்க ஒளிஞ்சு ஓடுதீங்க. போலீஸ்ல உங்களப் பத்தி விசாரிக்காங்கன்னு ஆக்னஸ் சொன்னா. அந்த ஒன்பது தாளையும் காட்டி, நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கதா இருந்தேன். இப்ப காட்ட ஒண்ணுமில்ல."

 மணியாச்சிக்குப் போனது ரோச்சுக்கு நினைவிருந்தது. அதையெல்லாம் யாராவது நினைவில் வைத்திருப்பார்கள் என்றுதான் அவன் நினைத்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும் பாழாய்ப்போன மனது, சும்மா இரு, வில்பிரட் சொல்லமாட்டான், சாயங்காலம் விட்டுவிடுவார்கள், வேலை கிடைத்துவிடும் என்று ஓதிக்கொண்டே இருந்தது. அது சொன்னதும் பொய்யில்லை. ஒரு மத்தியானம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வில்பிரட் வாங்குகிற அடிதான் மிச்சம்.

"வாங்க டீச்சர், போவோம்" என்றான்.

வழியெல்லாம் அவள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் காதில் விழவில்லை.

ஸ்டேஷனில் வில்பிரட் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. ரோச்சைப் பார்த்ததும் அந்த ஒற்றைக் கண்ணால், போ போ என்று ஜாடை காட்டினான்.

ஏட்டு வன்னியபெருமாள் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வாலே ரோச். ஒன் காயிதந்தான் எழுதிட்டிருக்கேன். ஒம்மேல ஒரு பிராதும் கெடையாது. தெருவுல கேட்டா தங்கமான பையங்கான். சாயந்தரம் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டா நாளைக்குத் துறைமுகத்துக்குப் போயிரும். இந்தப் பயகிட்டக் கொஞ்சம் சொல்லு, எவன் எடுத்தான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

ஆறு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த தாள் அங்கே இல்லவே இல்லை. ரோச்சுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நாந்தான் எடுத்தேன் ஏட்டையா. எரிச்சிட்டேன். இவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ஏட்டு பேனாவை வைத்தார். டீச்சர் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"எல்லாத்தையும்."

"எதுக்கு?"

"எம்பேரு இருந்திச்சு."

அவள் அவனைப் பார்த்தாள். மன்னிக்கிற பார்வை இல்லை அது. "ரெண்டு வருஷம், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"வாயை வச்சிட்டுச் சும்மா இருந்தா என்னலே ஒனக்கு?" என்று ஏட்டு கத்தினார். அவருக்கே மனசு ஆறவில்லை. "அந்தம்மா புகார் வேண்டாங்காவ, சரி. சிலுவை எழுதிக் குடுத்தது பதிவாயிட்டே. இன்னார் எடுத்தான்னு முடிச்சு எழுதணும்லா. எழுதிட்டு, அதே கையால ஒன்னைய யோக்கியன்னு எப்படி எழுதுவேன்? இப்ப இருக்க இருப்புல என் உத்தியோகம் போயிரும்."

"எழுதுங்க ஏட்டையா."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்து, முதல் பாதியை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே வேறு நாலு வரி எழுதினார். லஸ்கர் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது. எச்சரித்து அனுப்புவதாக எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு விரட்டிவிட்டார்.

 வெளியே வந்ததும் வில்பிரட் வெடித்தான்.

"கூறு இருக்கா ஒனக்கு? காலையிலருந்து வாங்குன அடியெல்லாம் வீணாப் போச்சே! இன்னும் ரெண்டு வாங்கிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்லா. வேலையத் தொலைச்சிட்டு வந்து நிக்கே!"

"ஒனக்கு நாந்தான்னு தெரியுமாலே?"

"ஆணியில சாவிய, பல்லு செவத்தப் பாக்கத் திருப்பி மாட்டுறவன் நீ ஒருத்தந்தான் அண்ணே." அவன் நின்றான். அப்போதுதான் ஏதோ உறைத்தது போல ரோச்சின் முகத்தைப் பார்த்தான். "எம்பேரு இருந்திச்சுன்னு டீச்சர்ட்டச் சொன்னியே... நாங்க ஒன்னையக் காட்டிக் குடுத்துட்டோம்னா நெனச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். ரோச்சுக்கு அன்றைக்குப் பொய் வரவில்லை.

"ஆமா" என்றான்.

"நானுமா?"

"நீயும்தான்."

வில்பிரட்டின் வீங்கிய முகம் கோணிக்கொண்டது. ஏட்டு அடித்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. "நாலு வருசமா ஒங்கையில கயித்தக் குடுத்துட்டு முங்குதேன். அந்த அண்ணன் இழுப்பானா மாட்டானான்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அண்ணாந்து பாத்திருப்பனாண்ணே?"

 வில்பிரட் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தான். ரோச் அவனுக்குப் பின்னால், எட்டிப் பிடிக்கத் துணிவில்லாமல், வீடு வரைக்கும் நாலடி தள்ளியே நடந்து போனான்.